ஓட்டை விடாத வக்கீல்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில், வக்கீல் லாசரஸின் அலுவலகம் இருக்கிறது. மேலே ஏறுகிறவர்களில் பாதிப்பேர் கீழே பப்ஸ் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். அதனால் அவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள் பலவற்றில் எண்ணெய்க் கறை உண்டு. மற்றபடி அவற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தக் குறையில்லாமைதான் அவர் தொழிலைக் கெடுத்தது.

கடை வாடகை, கூட்டு வியாபாரம், கம்பெனிக்கு வேன் ஓட்டுவது, கேன்டீன் நடத்துவது என்று தாம்பரத்தைச் சுற்றி இரண்டு பேர் சேர்ந்து செய்யும் எந்தத் தொழிலுக்கும் அவர் அக்ரிமெண்ட் எழுதுவார். எதிரே இருவரும் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இவர்கள் எதற்காக அடித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். தோன்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷரத்து எழுதுவார். பங்காளியின் மச்சினன் வந்து கல்லாவில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதுவரை எழுதுவார். படித்து முடிக்கும்போது அந்த இருவரும் தோளிலிருந்து கையை எடுத்திருப்பார்கள். ஆனால் பிறகு சண்டை வராது. சண்டை வராததால் அவர்கள் வக்கீலைத் தேடி வரவும் மாட்டார்கள்.

அவருடைய வாழ்க்கை இப்படிச் சத்தமில்லாமல் போயிருக்கும். போகவிடாமல் செய்தவர் ஜெயகிருஷ்ணன். செங்கல்பட்டு சட்டக் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஹாஸ்டலில் ஒரே அறை. இப்போது குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அலுவலகம். ஜெயகிருஷ்ணன் எழுதும் அக்ரிமெண்ட் இரண்டே பக்கம். அதில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மற்ற விஷயங்களை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். அவர்களும் பேசுவார்கள். பேசப் பேசத் தகராறு முற்றும். முற்றியதும் அவரிடமே ஓடி வருவார்கள். அவர் கோர்ட்டில் நின்று கர்ஜித்து ஜெயித்துக் கொடுப்பார். வேண்டுமென்றே ஓட்டை வைத்து எழுதுகிற ஆள் இல்லை அவர். மனிதர்கள்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கையிலேயே ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு மாடி வீடு கட்டிவிட்டார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் நடந்த கல்யாண ரிசப்ஷனில்தான் லாசரஸுக்கு ஜெயகிருஷ்ணன் என்கிற நோய் முற்றியது. பெண்ணின் அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். கடைக்கு அக்ரிமெண்ட் எழுதியவர் லாசரஸ். வருஷக்கணக்காக ஒரு வம்பும் இல்லாமல் கடை நடந்துகொண்டிருக்கிறது. அந்த மனிதர் லாசரஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, பக்கத்திலிருந்தவரிடம், "சார் நம்ம கேம்ப் ரோடு பேக்கரிக்கு மேல இருக்காரே, அவரு" என்று அறிமுகப்படுத்தினார். பேக்கரிக்கு மேலே என்ன செய்கிறார் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதே சமயம் மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலுக்கே ஓடினார். ஜெயகிருஷ்ணன் எழுதிய அக்ரிமெண்டால் நாலு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர். "எங்க குடும்பத்தக் காப்பாத்தின தெய்வம்" என்று சொல்லி ஜெயகிருஷ்ணனை முதல் வரிசையில், பாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஜெயகிருஷ்ணன் அங்கிருந்தே கையை ஆட்டி, "மச்சான், இங்க வாடா, எடம் இருக்கு" என்று கூப்பிட்டார். கூப்பிட்டதுதான் லாசரஸால் தாங்க முடியாமல் போனது.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஹெப்சி, "உங்களுக்கு அவர்மேல பொறாமை" என்றார். ஹெப்சி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடையை முதலில் சொல்லிவிட்டுத்தான் வழிமுறைக்கு வருவார்.

"எனக்கா? அவன்மேலயா? அவன் எழுதற அக்ரிமெண்ட்ல லாரி போகும். அவ்வளவு ஓட்டை."

"அதான் சொன்னேன்."

"இதுல பொறாமைக்கு என்ன இருக்கு?"

"ஐஸ்கிரீம் சாப்பிடாம வந்துட்டீங்க. அதான் இருக்கு."

ஓட்டை விடாத லாசரஸ் தன் ஒப்பந்தங்களில் ஒரே ஒரு ஆசையை மட்டும் விட்டுவைத்திருந்தார். கோர்ட்டுக்குப் போகாமல் தகராறைத் தீர்க்க, இன்னாரை நடுவராக ஏற்கிறோம் என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். மற்ற வக்கீல்கள் அந்த இடத்தில் ரிட்டயர்டான ஜட்ஜ் பெயரையோ, பொதுவான பெரியவர் பெயரையோ போடுவார்கள். லாசரஸ் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஒருநாள் தானும் ஒரு நாற்காலியில் உட்கார, எதிரே ஒரு வக்கீல் நின்று தன்னைக் கெஞ்ச வேண்டும் என்பது அவர் கனவு. கனவில் நின்ற வக்கீலுக்கு யார் முகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடுவர் உட்காரத் தகராறு வேண்டும். தகராறே வராதபடி எழுதிவிட்டுத் தகராறுக்காகக் காத்திருந்தார்.

கடைசியில் அது சிறுசேரியிலிருந்து வந்தது.

ரத்தினபாய் என்கிற அம்மாள் அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கேன்டீன் நடத்துகிறார். லாசரஸ் போகும் அதே சர்ச். அந்தக் கேன்டீனில் லிஃப்டுக்குப் பக்கத்து இடத்தைத் தசரதன் என்பவருக்கு டீக்கடை போட மூன்று வருஷத்துக்கு விட்டிருந்தார். அக்ரிமெண்ட் எழுதியவர் லாசரஸ். லிஃப்டுக்குக் காத்திருப்பவன் டீ குடிப்பான் என்பதுதான் அந்த இடத்தின் மகிமை. இரண்டாவது வருஷத்தில் ரத்தினபாயின் அக்கா மகன் மெர்வின் மோமோ விற்கிறேன் என்று கிளம்பினான். அவனுக்கும் லிஃப்ட் பக்கத்து இடம்தான் வேண்டும். ரத்தினபாய் வாட்ஸ்அப்பில் தசரதனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: மாசக் கடைசியில் இடத்தைக் காலி பண்ணிடு. மறுமாதம் தசரதனின் டீ பாய்லர் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதன் இடத்தில் மோமோ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தசரதன் யார் யாரையோ விசாரித்துக்கொண்டு குரோம்பேட்டைக்கு, அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் போனார்.

ஜெயகிருஷ்ணன் அனுப்பிய நோட்டீஸை லாசரஸ் இரண்டு தடவை படித்தார். தான் நடுவர். எதிரே ஜெயகிருஷ்ணன். சந்தோஷத்தில் அவருக்கு முதலில் ஞாபகம் வராமல் போனது சட்டம்தான். ஒரு தரப்புக்கு வேலை செய்த வக்கீல் அந்த விவகாரத்தில் நடுவராக உட்காரக் கூடாது. தகராறு வந்த பிறகு இரண்டு தரப்பும் பரவாயில்லை என்று எழுத்தில் சம்மதித்தால் மட்டும் உட்காரலாம். ரத்தினபாய் உடனே கையெழுத்துப் போட்டார். ஜெயகிருஷ்ணன் போட மாட்டான், எந்த வக்கீலும் போட மாட்டான் என்று லாசரஸ் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜெயகிருஷ்ணன் போனில் கூப்பிட்டார். "மச்சான், ஃபார்மாலிட்டிக்கு ஒரு பேப்பர் கேட்டிருந்தியே. தசரதன் கையெழுத்து வாங்கி அனுப்பிட்டேன்."

"யோசிச்சு போட்டியா? நான் அந்தம்மாவுக்கு அக்ரிமெண்ட் எழுதினவன்."

"தெரியும்டா. உன்னைவிட நேர்மையான ஆளு எங்க போய்த் தேடுவேன்?"

போனை வைத்த பிறகு லாசரஸ் ஹெப்சியிடம், "பார்த்தியா, பெருந்தன்மையாம். அதையும் அவன்தான் முதல்ல காட்டணும்" என்றார்.

விசாரணைக்கு வீட்டுச் சாப்பாட்டு மேஜையை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். மேஜை போன பிறகு ஹெப்சி தரையில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினார். "ஜெயிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். நடுவர் ஜெயிக்கிறவர் இல்லை என்று லாசரஸ் திருத்தினார். "அப்ப மேஜையைத் திருப்பிக் கொண்டாந்துடுங்க" என்றார் ஹெப்சி.

விசாரணை நாளில் ரத்தினபாய் வக்கீல் இல்லாமல் தனியாக வந்தார். "நீங்க இருக்கீங்களே பிரதர், எனக்கு எதுக்கு வக்கீல்?" என்று சொல்லிவிட்டு, லாசரஸின் பக்கமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரை எழுந்து எதிர்ப்பக்கம் போகச் சொல்வதில் பத்து நிமிஷம் போனது.

ஜெயகிருஷ்ணன் கறுப்புக் கோட்டில் வந்தார். எதிரே நின்று, "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்றார். இந்த வார்த்தைக்காகத்தான் லாசரஸ் இத்தனை வருஷம் காத்திருந்தார். ஆனால் அது காதில் 'மச்சான்' என்றேதான் விழுந்தது.

"நான் நீளமா வாதாடப் போறதில்லை சார். ஒரே ஒரு ஷரத்தைப் படிக்கிறேன்."

படித்தார். சர்ச்சில் வேதவாசகம் படிப்பவரைப்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். இடத்தைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால் மூன்று மாதம் முன்னதாக, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அறிவிப்பு கொடுக்க வேண்டும். போன், மின்னஞ்சல், வாட்ஸ்அப், நேரில் சொல்வது, மூன்றாம் மனிதர் மூலம் சொல்லி அனுப்புவது எதுவும் அறிவிப்பு ஆகாது.

தாளை மடித்து வைத்தார். "அவ்வளவுதான் சார். இது மாதிரி ஒரு ஷரத்து என்னால எழுத முடியாது. இந்த அக்ரிமெண்டை நான் எழுதியிருந்தா மூணு வருஷம் வாதாட வேண்டி வந்திருக்கும். எழுதினவருக்குத் தலைவணங்கறேன்."

லாசரஸின் காது சிவந்தது. தன் எழுத்தை யாராவது இப்படிச் சத்தமாகப் படித்துப் புகழ வேண்டும் என்று ஏங்கியவர் அவர். புகழ்ந்துவிட்டார்கள். அதையும் இவன் எவ்வளவு நன்றாகப் படித்தான் என்று வயிறு எரிந்தது.

"உங்க தரப்பைச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

"இந்த அக்ரிமெண்ட் நீங்க எனக்காகத்தானே எழுதினீங்க பிரதர்?"

"ஆமா."

"காசு நான்தானே கொடுத்தேன்?"

"ஆமா."

"அப்புறம் அது எப்படி எனக்கு எதிரா இருக்கும்?"

இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் கேட்ட விதத்தில் அது பதிலாகத் தோன்றவில்லை. ஜெயகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேம்ப் ரோட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறான் என்று லாசரஸுக்குப் புரிந்தது.

"தசரதனும் ஒத்துக்கிட்டான் பிரதர்" என்று ரத்தினபாய் போனை நீட்டினார். வாய்ஸ் மெசேஜுக்குக் கீழே தசரதனின் பதில் இருந்தது: சரிக்கா.

"அக்கா மூஞ்சிக்கி நேரா மாட்டேன்னு எப்டி சார் சொல்றது?" என்றார் தசரதன். "அன்னிக்கி பொழப்பு அவங்க கைல கீது."

லாசரஸ் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் தீர்ப்பு என்றார். எல்லாரும் போன பிறகு குறிப்பில் அந்த 'சரிக்கா'வுக்குக் கீழே கோடு போட்டார். அதில் ஒரு வழி தெரிந்தது. அந்த வழியாகப் போனால் ஜெயகிருஷ்ணன் தோற்பான்.

அந்த வாரம் முழுக்கத் தன் ஒப்பந்தத்தில் தானே ஓட்டை தேடினார். உலகத்தில் எந்த வக்கீலும் இப்படி ஒரு வேலை செய்திருக்க மாட்டார். இருவரும் ஒத்துப்போய்விட்டதால் அறிவிப்பே தேவையில்லை என்று எழுதலாமா என்று பார்த்தார். ஒப்பந்தத்தில் எந்த மாற்றமும் இருவரும் கையெழுத்திட்ட தாளில்தான் செல்லும் என்று அடுத்த பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். இத்தனை நாள் வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் பேசிக்கொண்டதால் அதுவே வழக்கமாகிவிட்டது என்று சொல்லலாமா? வழக்கம் எதுவும் ஷரத்தை மாற்றாது என்று அதற்கும் ஒரு வரி இருந்தது. எந்தக் கதவைத் தள்ளினாலும் உள்ளே தாழ் போட்டிருந்தது. போட்டது தன் கை. ஒவ்வொரு தாழையும் பார்க்கும்போது, ஐயோ இதையும் யோசித்திருக்கிறேனே என்று ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம், வாழ்க்கையில் முதல்முறையாக, கொஞ்சம் மோசமாக எழுதியிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஜெயகிருஷ்ணன் எழுதியிருந்தால் இந்நேரம் பத்து வழி கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தார். மிச்சமிருந்தது ஒரே வழி. அறிவிப்பு பற்றிய ஷரத்து குழப்பமாக இருக்கிறது, ஆகவே அதைத் தளர்த்தி வாசிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதிவிடுவது. அதை எழுதினால் ரத்தினபாய் மகிழ்வார், மோமோ வாழும், எல்லாவற்றுக்கும் மேலாக, குரோம்பேட்டைக் கண்ணாடிக் கதவுக்கு ஒரு கல். டைப் அடித்தார்: 'மேற்படி ஷரத்து தெளிவில்லாமல் எழுதப்பட்டிருப்பதால்'.

குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த ஹெப்சி கை துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார்.

"யார் தெளிவில்லாம எழுதினது?"

"பொதுவா ஷரத்தைப் பத்திச் சொல்றேன்."

"பொதுவா இல்லையே. 'எழுதப்பட்டிருப்பதால்'னு போட்டிருக்கீங்க. எழுதினவர் பேரும் போடணும்ல? பசங்க பேப்பர்ல நான் போடுவேன்."

"இவன் ஒருதடவை தோக்கட்டுமே ஹெப்சி. ஒரே ஒருதடவை."

கணவர் இப்படிக் கேட்டு ஹெப்சி பார்த்ததில்லை. "தோக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா அதுக்கு நீங்க மக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். முடியுமா?" என்றார். பிறகு அடுப்புக்குப் போய்விட்டார்.

லாசரஸ் அந்த வரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தெளிவில்லாமல். இருபத்தைந்து வருஷத்தில் யாரும் அவரைச் சொல்லாத வார்த்தை. ஜெயகிருஷ்ணனே சொன்னதில்லை. சாப்பிடக் கூப்பிடுவதற்குள் அதை அழித்துவிட்டார்.

தீர்ப்பு நாலே பக்கம் வந்தது. ஷரத்து தெளிவாக இருக்கிறது, அறிவிப்பு அதன்படி கொடுக்கப்படவில்லை, ஆகவே மீதி ஒப்பந்தக் காலம் முழுக்க லிஃப்ட் பக்கத்து இடம் தசரதனுக்கே என்று வாசித்தார். 'தெளிவாக' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். ஜெயகிருஷ்ணன் எழுந்து நின்று தலைகுனிந்து, "நன்றி சார்" என்றார். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கர்ஜிக்காமலேயே ஜெயித்துவிட்டார்.

ரத்தினபாய் தீர்ப்புத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். அழவில்லை, திட்டவும் இல்லை. "பிரதர், உங்கமேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா உங்க அக்ரிமெண்ட் ரொம்பக் கறாரா இருக்கு. மனுஷன் மூச்சு விட எடமில்ல." பிறகு ஜெயகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "சார், உங்களுது ரெண்டே பக்கம்னு சொல்றாங்களே. பழைய மகாபலிபுரம் ரோட்டுல இன்னொரு கம்பெனில கேன்டீன் எடுக்கறேன். நீங்க எழுதித் தருவீங்களா?"

"இந்தக் கேஸ் முடிஞ்சுட்டதால தடையில்லம்மா" என்று ஜெயகிருஷ்ணன் கார்டை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு லாசரஸைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதே மச்சான்" என்றார். நினைப்பதற்கு என்னவோ நிறைய இருப்பது போலவும், நேரம்தான் இல்லாதது போலவும் லாசரஸ் மேஜையைத் துடைத்தார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தசரதன் ஃபிளாஸ்க்கில் டீயோடு படியேறி வந்தார். இடம் கிடைத்துவிட்டது. மெர்வின் மாடிப்படிப் பக்கம் போய்விட்டான், அங்கே அவனுக்கு நன்றாகவே ஓடுகிறது, இப்போது இருவரும் ஒருவருக்கொருவர் சில்லறை மாற்றிக்கொள்கிறார்கள்.

"பயந்துகினே வந்தேன் சார் அன்னிக்கி" என்று டீயை ஊற்றினார் தசரதன். "எதிர்ப் பார்ட்டிக்கு எழுதிக் குடுத்தவரே ஜட்ஜுன்னா, இன்னா ஞாயம் கெடைக்கும்னு நம்ம வக்கீல் சாரக் கேட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"அவருதான் சொன்னாரு. லாசரஸுக்கு என்னைக் கண்டா ஆவாது, ஆனா அவன் எழுதினது அவனுக்கு உசுரு, என்னைத் தோக்கடிக்கணும்னா அவன் அத்தக் கொல்லணும், கொல்ல மாட்டான், போட்டுக்கோன்னாரு."

லாசரஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆவாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தசரதன் ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினார்.

"எப்பச் சொன்னான் இதை? விசாரணைக்கு அப்புறமா?"

"இன்னா சார் நீங்க, அதுக்கு முன்னாலயே. கையெழுத்துப் போட்ட அன்னிக்கே."

"இன்னொருதடவை சொல்லுங்க. அவன் சொன்ன மாதிரியே."

தசரதன் சொன்னார். லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் செய்வதுபோல, அதை முன்னாலும் பின்னாலும் புரட்டிப் பார்த்தார். நாலைந்து சின்ன வாக்கியம்தான். ஒரு வார்த்தை எடுக்க முடியாது, ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. இரண்டு பக்கத்துக்கு மேல் ஒழுங்காக எழுதத் தெரியாதவன், தன்னைப் பற்றி மட்டும் இப்படி எழுதியிருக்கிறான், அதையும் வாயால். அதுவரை ஜெயகிருஷ்ணனிடம் அவர் பொறாமைப்பட்டது அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் முதல் வரிசைக்கும்தான். எழுத்துக்காகப் பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை.

"டீ ஆறுது சார்" என்றார் தசரதன்.